சாமந்தியை மொட்டையடிக்கிற நத்தை – உப்பு தூவலாமா?

16 அக்டோபர் 2024 – கடலூர்லேர்ந்து ஒரு தம்பி கேட்டது

செம்மண்டலம் பக்கம் வீடு, தரைத் தோட்டம். பொங்கலுக்குப் பூக்கட்டும்னு துலுக்கச் சாமந்தி 40 நாத்து வச்சேன். ரெண்டு ராத்திரி மழை. இன்னிக்குக் காலையில பாத்தா 11தான் நிக்குது, மீதியெல்லாம் வெறும் குச்சி. கோழிமுட்டை சைஸ்ல நத்தைங்க செவுத்துல ஒட்டிக்கிட்டு இருக்கு. உப்பத் தூவுனா ஒரே நாள்ல போயிடும்னு வீட்ல எல்லாரும் சொல்றாங்க. தூவலாமா அக்கா, எவ்ளோ தூவணும்?

16 அக்டோபர், ராத்திரி 8.40

தூவாதீங்க தம்பி. ஏன்னு நாளைக்கு எழுதுறேன். மழை விட்டு அரை மணி நேரம் ஆவுது, இப்பதான் அதுங்க கெளம்பும், நானும் டார்ச்சு பக்கெட்டோட கெளம்புறேன்.

17 அக்டோபர்

உப்புக் கதைய முதல்ல சொல்லிடுறேன். நாலு வருஷம் முன்னாடி நானும் உங்கள மாதிரியே கொதிச்சுப் போயி, மரக்காணத்துக் கல்லுப்பு ரெண்டு கிலோவ கனகாம்பரப் பாத்தி ஓரமா கோலத்துக்குக் கோடு இழுக்குற மாதிரி இழுத்து விட்டேன். நத்தை செத்துச்சு, இல்லன்னு சொல்லல. ஒடம்புல இருக்கிற தண்ணியெல்லாம் உப்பு வெளிய இழுத்துடும், நொரை நொரையா கக்கிட்டு சுருங்கிடும், பாக்கவே ஒரு மாதிரி இருந்துச்சு. அன்னிக்கு ராத்திரியே மழை. உப்பு மொத்தமும் கரைஞ்சு பாத்திக்குள்ள எறங்கிடுச்சு. ஒரு வாரத்துல கனகாம்பரத்து எல ஓரமெல்லாம் பொசுங்குன மாதிரி ஆச்சு, பத்து நாள்ல முதல் வரிசை காலி. அடுத்த ஆடி வரைக்கும் அந்த எடத்துல ஒண்ணும் வரல, அருகம்புல் மட்டும் ஜம்முனு வந்துச்சு. நமக்கு ஏற்கெனவே கடல் கிட்டக்க, போர் தண்ணியே வாயில வச்சா கரிக்குது, அதுல நாம வேற கொண்டுபோயி கொட்டணுமா.

உப்பு பக்கெட்டுக்குள்ள இருக்கலாம், மண்ணுல கூடாது. அரை பக்கெட் தண்ணியில நாலு கை கல்லுப்பப் போட்டு கரைச்சு வச்சுக்கங்க, புடிக்கிறத எல்லாம் அதுல போட்டு மேல ஒரு பலகைய வச்சு மூடிடுங்க (மூடலன்னா ஏறி வந்துடும், காலையில பக்கெட் சுத்தி கோடு கோடா இருக்கும்). மறுநாள் செடி இல்லாத மூலையில ஆழமா குழி தோண்டிப் புதைங்க. அந்த உப்புத் தண்ணிய சாக்கடையில ஊத்துங்க, தென்னைக்கு நல்லதுன்னு யாராவது சொல்லுவாங்க, கேக்காதீங்க.

நீங்க சொல்ற கோழிமுட்டை சைஸு, பழுப்பு ஓட்டுல வரி வரியா, முனை கூம்பா இருந்தா அது ஆப்பிரிக்க நத்தை. நம்ம வயல்ல கெடக்கிற நத்தை இல்ல. அது தண்ணியில இருக்கும், உருண்டையா இருக்கும், செவுரு ஏறாது.

இன்னொண்ணு, முட்டை ஓட்ட காய வச்சு மிக்ஸியில ஒரு சுத்து சுத்தி செடியச் சுத்திப் போடுங்க. குத்தும்னு நத்தை அதத் தாண்டாது. நான் பத்து வருஷமா போடுறேன், கண்ணால பாத்தது.

19 அக்டோபர்

பீர் வைக்கிறத பத்தி ரெண்டு பேரு கேட்டிருக்காங்க. உண்மைதான், ஒரு கிண்ணத்தை மண்ணு மட்டத்துக்குப் புதைச்சு பீர ஊத்தி வச்சா சின்ன நத்தையும் ஓடில்லாத நத்தையும் வாசத்துக்கு வந்து விழுந்து சாவும். எங்க பாண்டியில பீருக்கா பஞ்சம். எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னதும் அந்த மனுஷன் இருபது வருஷத்துல தோட்டத்துக்கு ஒரு வேலை இவ்ளோ சுறுசுறுப்பா செஞ்சதே இல்ல. ஒரு பாட்டில் வந்துச்சு, கிண்ணத்துக்கு வந்தது கால்வாசி. மீதி எங்கன்னு கேட்டா "நத்தைக்கு டேஸ்ட் பாத்தேன்".

கடலூர் தம்பிக்கு இது சரிப்படாது. பாண்டி எல்லை முள்ளோடை தாண்டி செக்போஸ்ட்ல பாட்டிலோட புடிச்சு, "நத்தைக்கு வாங்கிட்டுப் போறேன் சார்"னு சொன்னீங்கன்னா உங்களத்தான் முதல்ல ஊத வைப்பாங்க.

ஆனா விஷயம் பீர்ல இல்ல, புளிச்ச வாசத்துல இருக்கு. ஈஸ்ட் வாசத்துக்குத்தான் வருது. மைதாவுல தண்ணியும் ஈஸ்ட்டும் கலந்து பொங்க விட்டு வச்சா நத்தை நல்லா வருதுன்னு 2021ல அமெரிக்காவுல ஆராய்ச்சியே பண்ணிருக்காங்க. நான் மூணு நாள் புளிச்ச தோசை மாவ தண்ணியா கரைச்சு வச்சுப் பாத்தேன். மொத ராத்திரி 9 சின்ன நத்தை, 2 கரப்பான், ஒரு தவளை. தவளைய எடுத்து வெளிய விட்டேன், அது திரும்பி என்னையே மொறைச்சிட்டுப் போச்சு. பெரிய ஆப்பிரிக்க நத்தை மட்டும் விழல. கிண்ணத்து ஓரத்துல ஒக்காந்து குடிச்சிட்டு எழுந்து போயிடுது, எங்க வீட்டுக்காரர் மாதிரியே.

23 அக்டோபர்

17ஆம் தேதி முட்டை ஓடு பத்தி எழுதுனேன் இல்ல, அத அழிச்சிடுங்க.

நேத்து ராத்திரி ஒன்பதரை இருக்கும். ரோஜாத் தொட்டிக்குப் பக்கத்துல டார்ச் அடிச்சா, ஒரு நத்தை முட்டை ஓட்டு மேலயே ஒக்காந்திருக்கு. சரி, கஷ்டப்பட்டுத் தாண்டப் போவுதுன்னு பாத்தேன். தாண்டல. தின்னுக்கிட்டு இருக்கு. காது கிட்ட கொண்டு போனா நரநரன்னு சத்தம், காஞ்ச தோசைய பல்லில்லாத கெழவி மெல்லுற மாதிரி. அப்புறம்தான் ஒறைச்சுது, அதுக்கு ஓடு வளரணும்னா சுண்ணாம்புச் சத்து வேணும், முட்டை ஓடு மொத்தமும் சுண்ணாம்புச் சத்துதான். பத்து வருஷமா நான் வேலி போடல, பந்தி போட்டிருக்கேன்.

எங்க காம்பவுண்டு செவுரு பழசு, வெள்ளை அடிச்சது. அதுல மழைக்காலத்துல வளைஞ்சு வளைஞ்சு யாரோ நகத்தால சொரண்டுன மாதிரி தடம் இருக்கும், பசங்க வேலைன்னு நெனச்சு எத்தன பேர திட்டிருக்கேன். அதுவும் நத்தைதான். சுண்ணாம்ப நக்குறதுக்குத்தான் செவுரு ஏறுது. தம்பி, உங்க வீட்லயும் செவுத்துல ஒட்டிக்கிட்டு இருக்குன்னீங்களே, வெள்ளையடிச்ச செவுரான்னு பாருங்க, பிடிக்கிறதுக்கு அதுதான் நல்ல எடம்.

இங்கிலாந்துல ராயல் தோட்டக்கலைச் சங்கம் லெட்டூஸ் கீரைய வச்சு இதெல்லாத்தையும் சோதிச்சுப் பாத்துச்சு, 2018ல முடிவு வந்துச்சு. முட்டை ஓடு, செம்புப் பட்டை, கூரான சரளை, மரப்பட்டைத் தூள், ஆட்டு ரோம உருண்டை, அஞ்சும் போட்டாங்க, ஒண்ணும் போடாமயும் வச்சாங்க. எல்லாத்தையும் ஒரே மாதிரிதான் தின்னுருக்கு. எனக்கு இது அப்பவே தெரியும், ஏதோ குளிர் நாட்டு நத்தைக்குச் சொல்றாங்கன்னு ஒதுக்கிட்டேன். பத்து வருஷமா ஓடு போடுறேன், பத்து வருஷமா நத்தையும் இருக்கு, ரெண்டையும் சேத்து ஒரு தடவையாவது யோசிச்சேனா.

செம்பு மட்டும் நம்மூர்ல வேலை செய்யாதான்னு ஒரு நப்பாசை. மோட்டார் காயில் கட்டுற கடையில பழைய கம்பி கால் கிலோ வாங்கி டேலியா தொட்டியில ஆறு சுத்து சுத்துனேன். நத்தை கம்பியத் தொட்டதும் கொம்ப உள்ள இழுத்துச்சு, எனக்கு ஒரே சந்தோஷம். அப்புறம் பொறுமையா இறங்கி, பக்கத்துத் தொட்டியில ஏறி, அதுலேர்ந்து சாஞ்சிருந்த டேலியா எல வழியா உள்ள வந்துடுச்சு. கம்பி வெல வேற என்னா வெல.

28 அக்டோபர்

மழை இல்ல, நத்தையும் கம்மி, அதனால வம்பு.

எங்க தெருவுல ஒரு தாத்தா, பிரெஞ்சு பென்ஷன் வாங்குறவரு. இந்த நத்தைய பிரெஞ்சுக்காரன்தான் திங்கிறதுக்குக் கப்பல்ல கொண்டாந்தான்னு சாதிக்கிறாரு. பாண்டியில எது புதுசா இருந்தாலும், நல்லதோ கெட்டதோ, பிரெஞ்சுக்காரன் கணக்குலதான் எழுதுவாங்க. நெசம் வேற. 1847ல பென்சன்னு ஒரு வெள்ளைக்காரரு, நத்தை ஓடு சேக்குறதுல பித்து, மொரீஷியஸ்லேர்ந்து ரெண்டு நத்தைய கல்கத்தாவுக்குக் கொண்டாந்தாரு. ஊர விட்டுப் போவும்போது பழகுன ஒருத்தர்கிட்ட குடுத்துட்டுப் போக, அவரு சௌரங்கியில ஒரு தோட்டத்துல விட்டுட்டாரு. அவ்ளோதான். சொந்த ஊரு கிழக்கு ஆப்பிரிக்கா. தாத்தாகிட்ட சொன்னேன், "மொரீஷியசு அதுக்கு முன்னாடி யாருதும்மா, பிரெஞ்சுக்காரனுதுதானே"ன்னுட்டாரு. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

1 நவம்பர்

நேத்து தீபாவளி ராத்திரி. வெடிச் சத்தத்துக்கு நாய் கட்டிலுக்கடியில, நத்தைக்கு ஒரு கவலையும் இல்ல. 41.

2 நவம்பர்

41னா என்னன்னு கேக்குறாங்க. புடிச்ச எண்ணிக்கை. தினசரி காலண்டர் சீட்டுல எழுதி வைக்கிறேன். அக்டோபர் 16ஆம் தேதி 63, மறுநாள் 58, அப்புறம் 30க்குப் பக்கம், மழை வந்தா ஏறும். எங்க வீட்டுக்காரர் பழைய சீட்டெல்லாம் கிழிச்சு மூக்குக்கண்ணாடி தொடச்சிட்டாரு, அதனால நடுவுல ஒரு வாரக் கணக்கு கெடையாது.

நேரம் முக்கியம். இருட்டி ஒண்ணு ஒன்றரை மணி நேரம் கழிச்சுப் போகணும், எட்டுலேர்ந்து பத்துக்குள்ள. விடியற்காலையில போனா பாதி ஒளிஞ்சிடும். அப்புறம் சாயங்காலம் செடிக்குத் தண்ணி விடுற பழக்கத்த நிறுத்துங்க. நாமளே சாயங்காலம் ஊத்தி ஊற வச்சா, அதுக்கு ராத்திரி பூரா வழுக்கிக்கிட்டுப் போவ ரோடு போட்டுக் குடுத்த மாதிரி. நான் காலையில ஆறரைக்கு மாத்துனதுல மழையில்லாத ராத்திரிகள்ல எண்ணிக்கை பாதியா போச்சு. எல்லாத்தையும் விட இதுதான் நோகாத வேலை.

9 நவம்பர்

மருந்துக் குருணை பத்தி ஒரு அம்மா கேட்டிருந்தாங்க. நீலமா, பச்சையா சின்னச் சின்ன குச்சி மாதிரி வரும். பெரும்பாலும் மெட்டால்டிஹைடு. நத்தைக்கு வேலை செய்யும், அதுல சந்தேகம் இல்ல, தின்னுட்டு சளியா கக்கிக் கக்கி காஞ்சு சாவும். ஆனா அதுல தவிட்டு வாசம் இருக்கும், நாய்க்குப் புடிக்கும்.

போன வருஷம் நானே போட்டேன். கடைக்காரர் "ஒண்ணும் ஆவாதும்மா, எல்லாரும் வாங்குறாங்க"ன்னாரு, அட்டைப்பெட்டியில பொடி எழுத்துல இருந்தத நானும் படிக்கல. நாங்க சோறு வைக்கிற தெருநாய் ஒண்ணு, வெள்ளச்சின்னு கூப்புடுவோம், காம்பவுண்டுக்குள்ள வந்து நக்கிடுச்சு போல. சாயங்காலம் காலு உதறல், ஒடம்பு விடுவிடுன்னு வெட்டுது, தொட்டா நெருப்பு. ஆட்டோவுல போட்டுத் தூக்கிக்கிட்டு ஓடுனோம். பொழைச்சுது, இன்னிக்கும் வாசல்லதான் படுத்திருக்கு, ஆனா அந்த ராத்திரி நான் தூங்கல. பிரிட்டன்ல 2022 மார்ச்சோட தோட்டத்துல இத போடவே கூடாதுன்னு தடை பண்ணிட்டாங்க, பறவையும் முள்ளெலியும் சாவுதுன்னு. போட்டுத்தான் ஆவணும்னா அயர்ன் பாஸ்பேட் குருணையா பாத்துக் கேட்டு வாங்குங்க, நத்தை அதத் தின்னுட்டு தீனியை விட்டுடும், மூணுலேர்ந்து ஆறு நாள்ல ஒளிவிடத்துலயே போயி சாவும். அதையும் கொட்டிக் குவிக்காம இங்கொண்ணு அங்கொண்ணா போடணும்.

காபித் தூள் போடலாமான்னு ஒருத்தர். 2002ல ஹவாயில 1, 2 சதவீதம் காஃபின் கரைச்சுத் தெளிச்சா சாவுதுன்னு கண்டுபிடிச்சாங்க. நாம குடிக்கிற காபியில அதுல ஒரு துளிதான் இருக்கும். வடிகட்டி ஓய்ஞ்ச தூள்ல என்னா இருக்கப் போவுது. அவ்ளோ திக்கா டிகாஷன் எறக்குறவங்க வீடு இருந்தா சொல்லுங்க, நான் காபி குடிக்க வரேன்.

15 நவம்பர்

"அட்டையும் நத்தையோட சேந்து பெட்டூனியாவ தின்னுது"ன்னு வேற ஒரு எடத்துல எழுதிருந்தேன். அட்டைன்னா ரத்தம் குடிக்கிறது, செடியத் திங்காதுன்னு ஒருத்தர் திருத்திருக்காரு. அவர் சொல்றதுதான் சரி. எங்க வீட்ல சின்ன வயசுலேர்ந்து அதுக்கு அட்டைன்னுதான் பேரு. கருஞ்சாம்பல், தட்டையா, நம்ம கட்டை விரல விட கொஞ்சம் நீளம், முதுகுல நடுவுல வெளுத்த கோடு ஒண்ணு ஓடும், தொட்டா தோலு செருப்புத் தோல் மாதிரி இருக்கும். ஓடில்லாத நத்தை அது. பகல்ல தொட்டிக்கு அடியில, அந்தத் தண்ணி போற ஓட்டைய ஒட்டி சுருண்டு கெடக்கும். பெட்டூனியா, டேபிள் ரோஸ், காசித்தும்பை நாத்து, மூணும் அதுக்கு உசுரு. சாமந்தி எலய ரெண்டு நத்தையும் திங்குது. எங்க வீட்ல இதுவரைக்கும் அரளியையும் நித்தியகல்யாணியையும் ரெண்டும் தொட்டதில்ல, நத்தையோட போராட முடியாதவங்க அதை வைங்க, ரெண்டும் கேட்பாரில்லாமயே பூக்கும்.

இதுக்கு சாக்குதான். பழைய கோணி ஒண்ண நனைச்சு மடிச்சு, நடுவுல பப்பாளி எல, முட்டைகோஸ் மேல்தழை, இல்ல பூசணிக்கா குடலு, எது இருக்கோ வச்சு, பொழுது சாய பாத்தி ஓரம் போடுங்க. காலையில வெயில் ஏறுறதுக்குள்ள சாக்க அப்படியே தூக்கி ஒதறுங்க. போன ஞாயித்துக்கிழம ஒரே சாக்குல ஓடுள்ளது 14, ஓடில்லாதது 6. ராத்திரி டார்ச்சோட அலைய முடியாதவங்களுக்கு இது. எங்க அத்தை பண்றது, அவங்களுக்கு முட்டி வலி.

3 டிசம்பர்

கரண்டு இன்னிக்குத்தான் வந்துச்சு.

எங்க ஏரியா பேரு ரெயின்போ நகர். யாரு வச்சாங்களோ, மழை மட்டும் தவறாம வருது. சனிக்கிழம ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரை கடக்குறேன்னு இங்கயே நின்னுக்கிட்டு, பாண்டியில ஒரே நாள்ல 46 செ.மீ.க்கு மேல கொட்டிடுச்சு. வீட்டுக்குள்ள மொழங்கால் தண்ணி. தோட்டமே தெரியல. ஞாயித்துக்கிழம காலையில மாடிப்படியில ஒக்காந்து பாத்தா, தண்ணி மட்டத்துக்கு மேல காம்பவுண்டு செவுத்துல ஒரு ஜான் தான் தெரியுது, அந்த ஒரு ஜான் முழுக்க வரிசையா நத்தை. பஸ்சுக்கு நிக்கிற மாதிரி. நானும் படியில, அதுங்களும் செவுத்துல, ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டு பாதி நாள் போச்சு. அன்னிக்கு ஒண்ணையும் புடிக்கல. மனசு வரல, உண்மையைச் சொல்றேன்.

சாமந்தி எல்லாம் அழுகிடுச்சு. டிசம்பர் பூ மட்டும் தப்பிச்சுது.

கடலூர் தம்பி, சாத்தனூர் அணைத் தண்ணிய தெறந்து விட்டு தென்பெண்ணை ஏறிடுச்சுன்னு நியூஸ்ல பாத்தேன். செம்மண்டலம் எப்படி? செடி போனா போவட்டும். ஒரு வரி எழுதுங்க.

6 டிசம்பர்

தம்பி பதில் போட்டாரு, எல்லாரும் நல்லா இருக்காங்க, ரெண்டு நாள் சொந்தக்காரங்க வீட்ல இருந்துட்டு வந்துட்டாங்க. தோட்டத்துல ஒரு அடி வண்டலு, அது மேல முன்னாடி இருந்தத விட நத்தை ஜாஸ்தின்னு சொல்றாரு. இருக்கும். வெள்ளம் எங்கெங்கயோ கெடந்ததையெல்லாம் கட்டையோடயும் குப்பையோடயும் கொண்டாந்து சேத்துடும். புது வண்டல்ல உடனே நாத்து நடாதீங்க. ரெண்டு வாரம் சாக்கு போட்டு நத்தைய வழிச்சு எடுங்க, அப்புறம் நடுங்க. பொங்கலுக்குப் பூ மார்க்கெட்லதான்.

8 டிசம்பர்

ஒருத்தர் கேக்குறாரு, இவ்ளோ கெடைக்குதே, கழுவி கொழம்பு வைக்கலாமா, மூலத்துக்கு நல்லதுன்னு எங்க ஊர்ல சாப்புடுவோம்னு. அய்யா, நீங்க சாப்புட்டது வயல் நத்தை. இது வேற. எலிப் புழுக்கைய திங்கும் இது, அதுலேர்ந்து எலி நுரையீரல்ல இருக்கிற ஒரு புழு இதுக்குள்ள வந்து சேரும். அது மனுஷனுக்குள்ள போனா மூளையச் சுத்தியிருக்கிற சவ்வுல போயி ஒக்காரும், தலைவலி, கழுத்து விறைப்பு, மூளைக்காய்ச்சல் மாதிரி ஆவும். வேண்டாம். தோட்டத்துக் கீரையும் நல்லா அலசி வேக வச்சே சாப்புடுங்க.

இதப் படிச்சிட்டு என் பொண்ணு போன் பண்ணி, "நீ வெறுங்கையிலதானேம்மா புடிக்கிற"ன்னு கேட்டா. ஆமா. இத்தன வருஷமா வெறுங்கைதான். இன்னிலேர்ந்து பால் கவர கையில மாட்டிக்கிட்டுப் புடிக்கிறேன், கிளவுஸ் வாங்கி அனுப்புறேன்னிருக்கா. கொழந்தைங்கள நத்தையோட வெளையாட விடாதீங்க, இதத்தான் நான் மொத நாளே எழுதிருக்கணும்.

17 டிசம்பர்

மார்கழி பொறந்துடுச்சு. கோலத்துல வைக்கப் பூசணிப்பூ பறிக்கப் போனேன். பூவுக்குள்ள ஒண்ணு படுத்துக் கெடக்கு, பட்டு மெத்தையில ஜமீன்தாரு மாதிரி.

ஆனா எழுத வந்தது வேற. தண்ணி வடிஞ்சதுக்கப்புறம் மோட்டார் ரூமுக்குப் பின்னாடி அடுக்கி வச்சிருந்த பழைய நாட்டுக் கூரை ஓடு எல்லாத்தையும் எடுத்துத் தள்ளுனோம். என்னிக்காவது ஒதவும்னு எட்டு வருஷமா கெடந்தது. கீழ் அடுக்குல ஈர மண்ணுல சின்னக் குழி, அதுக்குள்ள ஊறுன ஜவ்வரிசி மாதிரி, லேசா மஞ்சள் ஓடுன வெள்ளை, கும்பல் கும்பலா. ஒரு கும்பல எங்க அத்தை பொறுமையா எண்ணுனாங்க, 187. இந்த மாதிரி ஏழு கும்பல். பக்கத்துலயே பொரிஞ்சு வந்த குட்டிங்க, மொளகு சைஸுல, ஓட்டுக்குள்ள ஒடம்பு தெரியுது.

நான் எட்டு வருஷமா முன்வாசல்ல டார்ச் அடிச்சு புடிச்சுக்கிட்டு இருக்கேன், பின்வாசல்ல பிரசவ ஆஸ்பத்திரி நடந்துக்கிட்டு இருக்கு.

இதுல ஆணு பொண்ணுன்னு தனியா கெடையாது, ஒவ்வொண்ணும் ரெண்டும்தான். ஒரு தடவ சேந்தா போதும், விந்த உள்ளயே வச்சிக்கிட்டு மாசக்கணக்குல திரும்பத் திரும்ப முட்டை வைக்கும். அமெரிக்காவுல மயாமியில 1966ல ஒரு பையன் ஹவாய்லேர்ந்து மூணே மூணு நத்தைய எடுத்துட்டு வந்தான், அவங்க பாட்டி தோட்டத்துல விட்டுட்டாங்க. ஏழு வருஷத்துல 18,000க்கு மேல ஆயி, ஒழிச்சுக்கட்ட 1975 வரைக்கும் ஆச்சு, பத்து லட்சம் டாலர் செலவாம். மூணு நத்தை, ஒரு பாட்டி. எனக்கு அந்தப் பாட்டி மேல கோவம் வரல. நானும் முட்டை ஓடு அரைச்சுப் போட்டவதானே.

முட்டையெல்லாம் கொதிக்கிற தண்ணியில கொட்டிப் புதைச்சோம். சும்மா தூக்கிக் குப்பையில போட்டா அங்க போயி பொரியும்.

எனக்கு இது மொதல்ல எப்படி வந்துச்சுன்னும் யோசிச்சேன். எட்டு வருஷம் முன்னாடி ஒரு நர்சரியில கவர் மண்ணோட பத்து செம்பருத்தி வாங்குனேன். அதுக்கு முன்னாடி பெரிய நத்தைய எங்க வீட்ல பாத்த ஞாபகம் இல்ல. அந்த மண்ணுல வந்திருக்கலாம். அவங்க மேலதான் தப்புன்னு சொல்ல முடியாது, பக்கத்து மனையில கட்டடம் கட்ட மண்ணு அடிச்சதும் அதே வருஷம்தான். எப்படியோ, இப்பல்லாம் செடி வாங்குனா கவரப் பிரிச்சு வேர் மண்ண ஒரு பழைய தட்டுல ஒதறிப் பாக்காம நடுறதில்ல. ஜவ்வரிசி இருக்கான்னு பாருங்க.

29 டிசம்பர்

செம்போத்து. அது கண்ணுல பட்டா நல்ல சகுனம்பாங்க எங்க அத்தை. ரெண்டு மாசமா காலையில கெணத்தடியில டொக்கு டொக்குன்னு சத்தம் வருது, யாரோ தேங்கா ஓடு தட்டுறாங்கன்னு நெனச்சேன். இன்னிக்குப் பாத்தா இதுதான், நத்தைய அலகுல தூக்கிக்கிட்டு வந்து துணி தொவைக்கிற கல்லுல ஓங்கி அடிக்குது, ஓட்ட ஒரு பக்கமா ஒடைச்சு உள்ள இருக்கிறத இழுத்துத் தின்னுட்டு, வாயைக் கல்லுலயே தொடைச்சிட்டுப் போவுது. கல்லு ஓரத்துல 20 ஓடு கெடக்கு.

மருந்துக் குருணை போடக் கூடாதுன்னதுக்கு வெள்ளச்சியோட இதையும் சேத்துக்கங்க. பொதர் இருந்தாத்தான் செம்போத்து வரும், பொதர் இருந்தா நத்தையும் இருக்கும், அதுக்கு என்ன பண்றதுன்னு கேக்காதீங்க. நான் வேலியோரத்துல ஒரு பொதர விட்டு வச்சிருக்கேன்.

12 ஜனவரி 2025

எண்ணிக்கை: நேத்து 2. முந்தாநேத்து 0. ஓட்டு அடுக்கை எடுத்ததுக்கப்புறம் விழுந்தது இது, மழை நின்னதும் ஒரு காரணம், எது எவ்ளோன்னு பிரிச்சுச் சொல்ல அடுத்த ஐப்பசி வரணும்.

தம்பி புது நாத்து 25 வச்சிருக்காராம், 25ம் நிக்குதாம், நத்தையே இல்ல, ஒழிஞ்சிடுச்சுன்னு சந்தோஷமா எழுதிருக்காரு. ஒழியல தம்பி. தூங்கப் போயிருக்கு. மழை நின்னு காத்து காஞ்சதும் ஓட்டு வாயில வெள்ளையா காகிதம் மாதிரி ஒரு மூடி போட்டு அடைச்சிக்கிட்டு ஒட்டிக்கும், மாசக்கணக்குல, சில சமயம் வருஷக்கணக்குல கூட சோறு தண்ணி இல்லாம கெடக்கும். மொத மழை விழுந்ததும் மூடியத் தின்னுட்டு எழுந்து வந்துடும்.

தேட இதுதான் நல்ல நேரம், ஓடாது, ஒளியாது, ஈரமும் இல்ல. உங்க வீட்ல செங்கல்லு அடுக்கு இருந்தா வெயில் படாத பக்கத்துலேர்ந்து ஆரம்பிங்க, கல்ல ஒவ்வொண்ணா திருப்பிப் பாருங்க, கிளவுஸ் போட்டுக்கங்க. நான் இன்னும் தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி பாக்கலை, அங்க கை நுழையாது, எங்க வீட்டுக்காரர நீளமா ஒரு கம்பி வளைச்சுக் குடுக்கச் சொல்லியிருக்கேன். அதுக்கும் ஒரு பாட்டில் ஆவுமாம்.